சான்சிபார் 1964: சுதந்திரம் வந்து 33 நாளில் ஏன் ஒரு புரட்சி?

அகல்விளக்கு
கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுகளான சான்சிபாரில் (இன்று தான்சானியாவின் பகுதி) சென்னை ஐஐடி 2023இல் ஒரு வளாகம் தொடங்கியது பலருக்குத் தெரிந்திருக்கும். என் அக்கா மகள் அங்கே படிக்கிறாள். ஜனவரியில் ஒருநாள் பேசும்போது, "மாமா, இன்னைக்கு லீவு, ஏதோ புரட்சி நாளாம்" என்றாள். எந்தப் புரட்சி என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தவன், இரண்டு வாரமாக அதிலேயே கிடக்கிறேன்.

1963 டிசம்பர் 10ஆம் தேதி பிரிட்டன் வெளியேறுகிறது. சுல்தான் ஜம்ஷீத் பின் அப்துல்லா நாட்டுத் தலைவர், முகமது ஷாம்தே பிரதமர். 1964 ஜனவரி 12ஆம் தேதி விடிவதற்குள் காவல் நிலையங்கள் பிடிபடுகின்றன, அன்றே சுல்தான் கப்பலேறி ஓடிவிடுகிறார். நடுவில் 33 நாள்தான்.

எங்கே பார்த்தாலும் "அரபு ஆண்டைகளை ஆப்பிரிக்க அடிமைகள் தூக்கியெறிந்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அடிமை முறை சட்டப்படி 1897லேயே ஒழிந்துவிட்டது. 67 வருஷம் கழித்து யார் அடிமை, யார் ஆண்டை? வெள்ளைக்காரன் இருந்தவரை பொறுத்தவர்கள், அவன் போன மறுமாதமே ஏன் பொங்கினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கொடி சேலம்
நல்ல இழை. நிலம் ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம் இருந்தது. நிலம் வைத்திருந்தவன் பெரும்பாலும் அரபு, உழைத்தவன் பெரும்பாலும் ஆப்பிரிக்கன் என்பதால் வர்க்கப் போர் இனப் போர் மாதிரித் தெரிகிறது. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிச் சுல்தான் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பெயர் விடுதலையா?

மரைக்காயர் மகன்
தோழர், அவ்வளவு சுளுவாக முடித்துவிடாதீர்கள். அங்கே கொல்லப்பட்ட அரபுகளில் பெரும்பாலோர் கிராம்புத் தோப்பு முதலாளிகள் இல்லை. தெருமுனையில் பெட்டிக்கடை போட்டிருந்தவர்கள், கிராமத்தில் நாலு மரம் வைத்திருந்தவர்கள், ஓமானிலிருந்து பிழைக்க வந்த கூலிகள். பெரிய முதலாளிகளில் பலர் தப்பித்துப் போய்விட்டார்கள். இது என்ன வர்க்கப் போர்?

பழைய வாத்தியார்
மரத்திலிருந்து தொடங்கினால்தான் இது பிடிபடும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராம்பு அந்தத் தீவின் மரமே அல்ல. இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கத் தீவுகளில் பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை மொரீஷியஸ், ரீயூனியன் பக்கம் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்சிபாருக்கு வந்தது. ஓமானை ஆண்ட சயீத் பின் சுல்தான் அதில் பணத்தைப் பார்த்தார். மஸ்கட்டை விட்டுவிட்டுத் தன் இருப்பிடத்தையே சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டார். ஒரு தென்னை இருந்தால் மூன்று கிராம்பு நட வேண்டும் என்று நிலக்காரர்களுக்கு உத்தரவு போட்டார்.

கிராம்பு நட்டவுடன் காய்த்துவிடாது, ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நாம் குழம்பில் போடுவது பூவின் மொட்டு. அது விரிவதற்கு முன்னால், மரத்தில் ஏறி, கொத்துக் கொத்தாகக் கையால் பறிக்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் சரக்கு போச்சு. அதனால் பறிப்புக் காலத்தில் ஏகப்பட்ட ஆள் வேண்டும். அந்த ஆட்களை ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்து பிடித்துக் கொண்டுவந்தார்கள். பெரிய தீவான உங்குஜாவின் மேற்குப் பக்கத்து நல்ல மண்ணெல்லாம் தோப்பாயிற்று. அந்த மண்ணில் இருந்த பழைய குடிகள் கிழக்கே, பவளப்பாறை தலைகாட்டும் வறட்டு நிலத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

அடுத்ததைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1872இல் ஒரு பெரும் புயல் உங்குஜாவின் கிராம்பு மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. வடக்கே இருக்கும் சின்னத் தீவு பெம்பா தப்பித்தது. அதன் பிறகு கிராம்பு என்றாலே பெம்பா என்றாகிவிட்டது. பெம்பாவில் நிலமும் மரமும் ஒரு சில கைகளில் மட்டும் குவியவில்லை. அரபுக் குடும்பமும் உள்ளூர்க் குடும்பமும் பக்கத்துப் பக்கத்துத் தோப்பு. பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஆக, ஒரே நாட்டின் இரண்டு தீவுகள் இரண்டு விதமாக வளர்ந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அகல்விளக்கு கேட்ட அடிமை விஷயம். 1873இல் அடிமைச் சந்தை மூடப்பட்டது, 1897இல் அடிமை நிலை சட்டப்படி செல்லாது என்றானது. நஷ்டஈடு கிடைத்தது எஜமானர்களுக்கு. விடுபட்டவர்களுக்கு நிலமும் இல்லை, மரமும் இல்லை. பலர் அதே தோப்பில் ஒண்டிக்கொண்டார்கள். மர நிழலில் மரவள்ளியும் வாழையும் போட்டுக்கொள்ளலாம், பதிலுக்குக் களை எடுத்துத் தர வேண்டும். பெருநிலத்திலிருந்து பறிப்புக்கு வந்து தங்கிவிட்ட கூலிகளும் இவர்களோடு சேர்ந்தார்கள். எழுத்து இல்லை, பத்திரம் இல்லை, வாய்ப்பேச்சுதான். எஜமானுக்கும் ஒண்டிக்குடிக்கும் முகம் கோணாதவரை ஓடியது.

1957இல் முதல் தேர்தல் வந்தது. முகம் கோணிவிட்டது.

குட்டிப்புலி
வாத்தியாரே, தொடர்கதை மாதிரி நிறுத்திட்டீங்களே.

பழைய வாத்தியார்
மருந்து சாப்பிடும் நேரம் தம்பி. மிச்சத்தை வேறு யாராவது சொல்லட்டும்.

நெய்தல்
நான் சொல்கிறேன். தான்சானியாவின் பெருநிலத்தில் தாருஸ்ஸலாமில் 11 வருஷமாகக் கணக்கு வேலை. சான்சிபாருக்குப் படகில் இரண்டு மணி நேரம், மாதத்தில் ஒருமுறையாவது போய்விடுவேன். அங்கே வயதானவர்கள் 1957 முதல் 1963 வரையிலான காலத்தை 'அரசியல் காலம்' என்றே சொல்வார்கள். ஒரு நோய்க்காலத்தைச் சொல்வது மாதிரிச் சொல்வார்கள்.

அப்போது இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று சான்சிபார் தேசியக் கட்சி, பேச்சு வழக்கில் ஹிஸ்பு. அலி முஹ்சின் அதன் முக்கியத் தலைவர். அரபுகளின் கட்சி என்று பேர், ஆனால் தொடக்கம் ஒரு விவசாயிகள் கட்சியில்; சுல்தானின் குடிகள் எல்லோரும் ஒன்று என்பது அவர்கள் பேச்சு. இன்னொன்று ஆஃப்ரோ-ஷிராசி கட்சி. பெருநிலத்து ஆப்பிரிக்கர்களின் சங்கமும் ஷிராசிகளின் சங்கமும் 1957இல் கைகோத்துப் பிறந்தது. தலைவர் அபைது கரூமே, முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். ஷிராசி என்பவர்கள் தீவின் பழைய குடிகள். தங்கள் முன்னோர் பாரசீகத்தின் ஷிராஸிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். பார்த்தால் ஆப்பிரிக்கர்கள், கேட்டால் பாரசீகம். இனம் என்பது அங்கே தோலில் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

தேர்தல் முடிந்ததும் சில தோப்புக்காரர்கள் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஒண்டிக்குடிகளைக் கிளப்ப ஆரம்பித்தார்கள். பதிலுக்கு ஆப்பிரிக்கர்கள் அரபுக் கடைகளைப் புறக்கணித்தார்கள். அப்புறம் பேருந்து, மசூதி, சாவு வீடு வரைக்கும் பிரிந்தது. 1959இல் பெம்பாவின் ஷிராசிகளில் ஒரு பகுதி ஆஃப்ரோ-ஷிராசியை விட்டுப் பிரிந்து தனிக் கட்சி வைத்தது. அதன் தலைவர்தான் பின்னால் பிரதமரான ஷாம்தே. அவர் அரபு இல்லை, ஷிராசி. "அரபு அரசாங்கம்" என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

1961 ஜனவரித் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூனில் மறுபடி வைத்தார்கள். வாக்குப்பதிவு நாளில் மூண்ட கலவரத்தில் 68 பேர் செத்தார்கள், பெரும்பாலும் அரபுகள். கடைசியாக 1963 ஜூலை. ஆஃப்ரோ-ஷிராசிக்கு 54 சதவீத ஓட்டு, 31 இடத்தில் கிடைத்தது 13. ஹிஸ்பு 12, ஷாம்தேயின் கட்சி 6. இவை இரண்டும் சேர்ந்து 18, ஆட்சி அவர்களுக்கு.

ஓட்டுப் போட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஆதரித்த கட்சி எதிர்க்கட்சி வரிசையில். சுதந்திரம் இந்தக் கணக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

மரைக்காயர் மகன்
அக்கா, கணக்கு சரிதான். ஆனால் இது கள்ள ஓட்டு இல்லை. ஒரு தொகுதியில் மலைபோல் ஜெயிப்பதும் இன்னொன்றில் மயிரிழையில் தோற்பதும் இந்த முறையில் நடக்கக்கூடியதுதான். நம் ஊரிலும் ஓட்டு சதவீதத்துக்கும் இடங்களுக்கும் சம்பந்தம் இருக்காது, அதற்காக யாரும் காவல் நிலையத்தைப் பிடிப்பதில்லை.

நெய்தல்
பாய், நம் ஊரில் தோற்றவனை யாரும் "நீ வெளியூர்க்காரன், கிளம்பு" என்று சொல்வதில்லை. அங்கே சொன்னார்கள். அதுதான் வித்தியாசம். ஹிஸ்பு ஆட்கள் பெருநிலத்து வம்சாவளியினரை வந்தேறி என்றார்கள், இவர்கள் அரபுகளை வந்தேறி என்றார்கள். இரண்டு பேருமே இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள்.

செங்கொடி சேலம்
பொருளாதாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராம்பை அதிகம் வாங்கியது இந்தோனேசியா, அங்கே சிகரெட்டில் கிராம்பு சேர்ப்பார்கள். அவர்களே நட ஆரம்பித்ததும் 60களின் தொடக்கத்தில் விலை சரிந்தது. கஜானா காலி. புது அரசு செலவைக் குறைக்கிறேன் என்று கை வைத்த இடங்களில் ஒன்று காவல் துறை.

பழைய வாத்தியார்
மருந்து சாப்பிட்டாயிற்று. தோழர் தொட்ட இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆண்டை-அடிமை, அரபு-ஆப்பிரிக்கன், 54 சதவீதம் எல்லாம் விறகு. தீக்குச்சி போலீஸ்காரர்கள்.

பிரிட்டிஷார் அங்கே போலீஸுக்குப் பெருநிலத்திலிருந்துதான் ஆள் எடுத்தார்கள். தாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி), கென்யா, நியாசாலாந்து (இன்றைய மலாவி) ஆட்கள். உள்ளூர்ச் சண்டையில் சேராமல் இருப்பார்கள் என்ற பழைய தந்திரம். சுதந்திரத்தை ஒட்டி வந்த அரசு இவர்களை நம்பவில்லை, எதிர்க்கட்சியின் ஆட்கள் என்று சந்தேகப்பட்டது. ஏராளமானோரை வேலையிலிருந்து நீக்கியது. நீக்கியவர்களை ஊருக்கு அனுப்பிவைக்கவும் இல்லை. ஆயுத அறை எங்கே, சாவி யாரிடம், இரவில் எத்தனை பேர் காவல் என்பதெல்லாம் தெரிந்த ஆட்கள், வேலையும் கூலியும் இல்லாமல் அதே ஊரில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இராணுவம் கிடையாது. பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லை.

ஜனவரி 11 இரவு. சில நூறு பேர். கையில் வெட்டுக்கத்தி, வில், ஈட்டி. ஸிவானி காவல் தலைமையகமும் ம்தோனி முகாமும் முதலில் விழுந்தன. துப்பாக்கி கிடைத்ததும் கதை முடிந்தது.

சுவர் உறுதியாக இருந்து நாலு பக்கமும் நெருக்கினால் பல வருஷம் தாங்கும். இந்தச் சுவரிலிருந்து செங்கல்லை உருவிக் கீழே போட்டது அரசே.

குட்டிப்புலி
அந்த ஃபீல்ட் மார்ஷல் கதை உண்மையா? ரேடியோவில் பேசிய ஆள்?

நெய்தல்
ஜான் ஒகெல்லோ. உண்மை. உகாண்டாவில் பிறந்தவர். கொத்து வேலை, பெயின்ட் வேலை என்று அலைந்து 1959இல் பெம்பாவுக்கு வந்தவர். கிறிஸ்தவர், அதுவும் கிட்டத்தட்ட எல்லோரும் முஸ்லிம்களாக இருந்த தீவில். கடவுள் கனவில் கட்டளையிட்டார் என்று சொல்லிக்கொண்டார். தனக்குத்தானே ஃபீல்ட் மார்ஷல் பட்டம் சூட்டிக்கொண்டார். ரேடியோவில் அவர் விட்ட மிரட்டல்களைப் படித்தால் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாது. தூக்கு, சுடுதல், கொளுத்துதல் என்று வயது வரம்பு வைத்துத் தண்டனை அறிவிப்பார்.

யார் திட்டம் போட்டது என்பதில்தான் தீராத சண்டை. ஆஃப்ரோ-ஷிராசியின் இளைஞர் அணியா, ஒகெல்லோவா, நீக்கப்பட்ட போலீஸா? அரசின் அதிகாரபூர்வக் கதையில் ஒகெல்லோ இல்லை. கரூமே அதிபரானார். ஒகெல்லோ மார்ச்சில் பெருநிலம் போய்த் திரும்பியபோது தீவில் இறங்கவே விடவில்லை. அப்புறம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஊர் ஊராக விரட்டப்பட்டார். 1971இல் உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனோடு காணப்பட்டார், அதற்குப் பிறகு ஆள் சுவடே இல்லை.

அகல்விளக்கு
சுல்தான் அன்றே ஓமானுக்குப் போய்விட்டாரா? சொந்தக்காரர்கள்தானே?

மரைக்காயர் மகன்
இல்லை. முதலில் கப்பலில் மொம்பாசா போனார், கென்யா இறங்க விடவில்லை. தாருஸ்ஸலாம் வழியாக பிரிட்டன் போய்ச் சேர்ந்தார். போர்ட்ஸ்மவுத்தில் சாதாரண வீடு, ஐம்பது வருஷத்துக்கு மேல். ஓமான் அவரைக் குடியேற விட்டது 2020இல்தான். 2024 டிசம்பர் கடைசியில் இறந்தார். ஒரு வருஷம்கூட முழுசாக ஆளாத சுல்தானுக்கு 60 வருஷ அகதி வாழ்க்கை.

ஆனால் நான் சுல்தானுக்காக அழ வரவில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் இன்றுவரை தெரியாது. சில நூறு என்கிறார்கள், சில ஆயிரம் என்கிறார்கள், 20,000 வரை சொல்பவர்களும் உண்டு. மொத்த மக்கள்தொகையே அப்போது மூன்று லட்சம் சொச்சம். இத்தாலியப் படப்பிடிப்புக் குழு ஒன்று விமானத்திலிருந்து எடுத்த காட்சியில் வெள்ளை உடுப்பில் வரிசையாகப் போகிறவர்களும், குழிகளும், கடற்கரையில் உடல்களும் தெரிகின்றன. அரசு எண்ணவில்லை, விசாரிக்கவில்லை, ஒரு கல்கூட நடவில்லை. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். கடலில் போனவனுக்குக்கூடப் பேர் சொல்லிப் பாத்திஹா ஓதுவோம். அங்கே பேரே இல்லை.

செங்கொடி சேலம்
பாய், இதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். கொலை கொலைதான். ஆனால் அந்தப் புரட்சி கொலை மட்டும்தானா? நிலம் முழுவதும் அரசுடைமை ஆனது. குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் பிரித்துக் கொடுத்தார்கள். பள்ளி இலவசம், மருத்துவம் இலவசம். தலைமுறையாக மர நிழலில் ஒண்டிக் கிடந்தவனுக்கு "இது உன் மரம்" என்று சொன்ன நாள் அது.

நெய்தல்
'எக்கா தாத்து' என்பார்கள், மூன்று ஏக்கர். எனக்குத் தெரிந்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் தாத்தாவுக்குக் கிடைத்த மூன்று ஏக்கரை இன்றும் பெருமையாகக் காட்டுவார். ஆனால் தோழர், அது அனுபவிக்கக் கொடுத்ததே தவிர விற்கக் கொடுத்ததில்லை, நிலம் அரசினுடையது. கிராம்பை அரசுக்கு மட்டும்தான் விற்க வேண்டும். அரசு கொடுத்த விலை உலக விலையில் சின்னப் பங்கு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது அங்கே கிராம்புக்கும் பொருந்தியது. ராத்திரியில் படகில் ஏற்றிக் கென்யாவுக்குக் கடத்துவது அதனால்தான் வந்தது.

அடுக்குமாடிகள் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்த முதல் ஆப்பிரிக்க அரசு சான்சிபார். நன்றிக்கடனாக அவர்கள் கட்டித் தந்த மிச்சென்சானி குடியிருப்பு இன்றும் நகரத்தின் நடுவில் ரயில்பெட்டி மாதிரி நீண்டு நிற்கிறது. மண்குடிசைக்காரனுக்குக் குழாய்த் தண்ணீரும் கக்கூசும் உள்ள வீடு. அதே கிழக்கு ஜெர்மனி உளவுத் துறையையும் கட்டித் தந்தது.

குட்டிப்புலி
குயின் இசைக்குழுவின் ஃபிரெடி மெர்குரி பிறந்தது இந்த ஊர்தானே? புரட்சியால்தான் குடும்பம் லண்டன் போனதாம்.

பழைய வாத்தியார்
ஆமாம், பார்சிக் குடும்பம், 1964இல் கிளம்பியது. நீ விளையாட்டாகக் கேட்டாலும் அது இந்தியர்களைப் பற்றிய கேள்வி, இதுவரை யாரும் எடுக்கவில்லை.

கட்ச், குஜராத் பக்கத்து வணிகர்கள் சுல்தான்களின் சுங்கத்தையே குத்தகை எடுத்து நடத்தியவர்கள். தோப்புக்காரர்களுக்குக் கடன் கொடுத்ததும் அவர்கள்தான். வெளியே ஆண்டையாகத் தெரிந்த அரபில் பலர் உள்ளே கழுத்துவரை கடன். 1934இல் பிரிட்டிஷ் நிர்வாகம் நிலம் கடன்காரர் கைக்குப் போகாமல் தடுக்கவும் கிராம்பு வியாபாரத்தைத் தன் பிடியில் வைக்கவும் சட்டங்கள் போட்டது. அங்கிருந்த இந்தியர்கள் கொதித்தார்கள். 1937இல் காங்கிரஸ் சான்சிபார் கிராம்பைப் புறக்கணிக்கச் சொன்னது, மறுவருஷம் சமரசமாயிற்று. தோப்பில் ஒண்டியிருந்தவனைப் பற்றி அந்தச் சண்டையில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. 1964க்குப் பிறகு கடைகளும் வீடுகளும் பறிபோயின, பெரும்பாலோர் வெளியேறினார்கள். கல்நகரம் (Stone Town) எனப்படும் பழைய நகரப் பகுதியில் அவர்கள் விட்டுப்போன மாளிகைகளில் கிராமத்துக் குடும்பங்கள் குடியேறின.

இன்னொன்று. 1970இல் ஆட்சியில் இருந்தவர்கள் சிறுபான்மைக் குடும்பத்துப் பெண்களைக் கட்டாயமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இன ஒற்றுமைக்காக என்று காரணம் சொன்னார்கள். உலகமே காறித் துப்பியது. மூன்று ஏக்கரைப் பேசும்போது இதையும் பேச வேண்டும் தோழர்.

செங்கொடி சேலம்
பேசலாம் ஐயா. மறுக்கவில்லை. புரட்சியைத் தின்றது யார் என்றும் பார்க்க வேண்டும். உம்மா கட்சி வைத்திருந்த அப்துல்ரஹ்மான் பாபு உண்மையான மார்க்சியர். புரட்சி நடந்த இரவில் அவர் தாருஸ்ஸலாமில் இருந்தார், ஷாம்தே அரசு அவர் கட்சியை அதற்குச் சில நாள் முன்புதான் தடை செய்திருந்தது. அவர் கட்சியில் சிலர் கியூபாவில் பயிற்சி பெற்றவர்கள் என்பதால் அமெரிக்கப் பத்திரிகைகள் 'ஆப்பிரிக்காவின் கியூபா' என்று அலறின. விண்கலங்களைக் கண்காணிக்க அமெரிக்கா அங்கே வைத்திருந்த நிலையத்தையும் மூடவேண்டி வந்தது. அடுத்த மூன்று மாதத்தில் தாங்கனிக்காவோடு இணைப்பு, இரண்டும் சேர்ந்ததுதான் தான்சானியா. பாபு ஊரில் இல்லாதபோது பேசி முடித்தார்கள்.

நெய்தல்
ஏப்ரல் 26. தாங்கனிக்கா அதிபர் நைரேரே இரண்டு நாட்டு மண்ணையும் ஒரு பாத்திரத்தில் கலந்த படம் இங்கே எல்லாப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கும். அவருக்கும் பயம் இருந்தது. சான்சிபாருக்குத் தன் போலீஸை அனுப்பிவிட்டு இருந்தபோது, ஜனவரி 20இல் தாருஸ்ஸலாமிலேயே சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அடக்குவதற்கு பிரிட்டிஷ் படையையே கூப்பிட வேண்டியதாயிற்று. வாசலில் தீ இருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

பாபுவின் கதை இன்னும் மோசம். 1972 ஏப்ரல் 7இல் கரூமேயைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழக்கில் பாபுவைப் பிடித்துப் பெருநிலத்தில் 1978 வரை சிறையில் வைத்திருந்தார்கள்.

அகல்விளக்கு
வாத்தியார் ஐயா முதலில் "பெம்பாவை மனதில் வையுங்கள்" என்றார். யாரும் திரும்பி அங்கே போகவில்லையே?

பழைய வாத்தியார்
நீங்களாவது கேட்டீர்களே.

புரட்சி உங்குஜாவில் நடந்தது. பெம்பாவில் நடக்கவில்லை, அங்கே வந்து இறங்கியது. பெம்பாவின் ஆப்பிரிக்க விவசாயிக்குச் சொந்த மரம் இருந்தது, அரபு மாமனோ மச்சானோ இருந்தான். அவன் பெரும்பாலும் ஓட்டுப் போட்டது சுல்தான் பக்கத்துக் கூட்டணிக்கு. ஆகவே புது அரசுக்கு அவன் எதிரி. உங்குஜாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நடுத்தெருவில் பிரம்படி கொடுத்தார்கள். பெம்பாவில் அந்தக் காலத்தைப் 'பகோரா நாட்கள்' என்கிறார்கள், பகோரா என்றால் பிரம்பு. நாட்டின் கிராம்பில் பெரும்பங்கு விளைவது பெம்பாவில். அந்தக் கிராம்பை அடிமாட்டு விலைக்கு எடுத்து, அந்தப் பணத்தில் கட்டிய வீடுகள் உங்குஜாவில். நிலமற்றவனுக்கு மரம் கொடுத்த புரட்சி, மரமுள்ள ஏழையிடம் வருஷா வருஷம் வரி வாங்கியது. வர்க்கம் என்று சொன்னாலும் இனம் என்று சொன்னாலும் பெம்பா அதற்குள் அடங்காது.

நெய்தல்
அது இன்றும் ஓட்டுப்பெட்டியில் தெரியும் ஐயா. 1963க்கு அப்புறம் பல கட்சித் தேர்தல் நடந்தது 1995இல், 32 வருஷம் கழித்து. ஆளுங்கட்சி 50.2, எதிர்க்கட்சி 49.8. பெம்பாவில் 21 தொகுதி, 21ம் எதிர்க்கட்சிக்கு. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் சைஃப் ஷரீஃப் ஹமத் பெம்பாக்காரர். 2001 ஜனவரியில் போராடியவர்களைப் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் படகேறிக் கென்யாவின் ஷிமோனிக்கு அகதிகளாகப் போனார்கள். 2010இல் கூட்டு அரசு வேண்டுமா என்று கேட்டு வாக்கெடுப்பு, 66 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். கொஞ்சம் மூச்சு விட்டார்கள். 2015இல் தேர்தல் முடிந்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆணையத் தலைவர் செல்லாது என்று அறிவித்துவிட்டார்.

எதிர்க்கட்சி ஜெயித்தால் "சுல்தானைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள்" என்று மேடையில் பேசுவது இங்கே ரொம்ப காலம் ஓடியது. சுல்தானோ போர்ட்ஸ்மவுத்தில்.

மரைக்காயர் மகன்
அதாவது 1963 தேர்தல் இன்னும் முடியவில்லை என்கிறீர்கள்.

நெய்தல்
ஒரு விஷயம் கவனியுங்கள். சான்சிபாரில் டிசம்பர் 10 விடுமுறை கிடையாது. தான்சானியா முழுக்க டிசம்பர் 9 விடுமுறை, அது தாங்கனிக்கா சுதந்திர நாள். ஜனவரி 12 விடுமுறை, அது புரட்சி நாள். 1963 டிசம்பர் 10இல் கிடைத்தது சான்சிபாரின் சுதந்திரமே இல்லை, அரபுகளுக்குக் கிடைத்தது என்பது அரசின் நிலை. ஐநா சபையில் தனி நாடாக உட்கார்ந்த நாட்டின் பிறந்தநாள் அந்த நாட்டுக் காலண்டரில் இல்லை. நான் முதல் வருஷம் சம்பளக் கணக்கில் விடுமுறை நாட்களைக் குறிக்கும்போது தற்செயலாகப் பார்த்தது. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அவர் பெம்பாக்காரர். "கணக்கைப் பாரும்மா" என்றார்.

செங்கொடி சேலம்
இது தெரியாது எனக்கு. நன்றி தோழி. ஆனாலும் அந்த டாக்ஸிக்காரரின் தாத்தாவுடைய மூன்று ஏக்கரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மரைக்காயர் மகன்
விட்டுக்கொடுக்க வேண்டாம். குழிகளையும் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன்.

அகல்விளக்கு
எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே அக்கா மகளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, விடுமுறையில் தோழிகளோடு பெம்பா போகலாமா என்று கேட்கிறாள். நெய்தல் அக்கா, போகலாமா? பாதுகாப்பாக இருக்குமா?

நெய்தல்
தாராளமாக. படகிலும் போகலாம், சின்ன விமானமும் இருக்கிறது. தேர்தல் சமயம் மட்டும் வேண்டாம். தோளையும் முழங்காலையும் மூடுகிற உடுப்பு போடச் சொல்லுங்கள். அரசியலை அவளாக எடுக்க வேண்டாம், அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளட்டும். பறிப்புக் காலமாக இருந்தால் ரோட்டோரம் முழுக்க ஓலைப் பாயில் கிராம்பு காயும், வண்டி போகப் போக வாசனை அடிக்கும். கால் கிலோ வாங்கலாம் என்று ஆசையாக இருக்கும், ஆனால் ரோட்டில் விற்க மாட்டார்கள். இன்றைக்கும் அரசுக் கடைக்குத்தான் போடவேண்டும்.